வெள்ளை உடைக்குள் வேகும் மனசு! நர்சுகளின் கஷ்டம் யாருக்குத் தெரியும்?

சாயங்காலம் 6½ மணி.

கடற்கரையில் இருந்து தாம்பரம் போகும் மின்சார ரெயில் பிதுங்கி வழிகிறது. ஆபீசு முடிந்தவர்கள், கடையைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவர்கள், எல்லோரும் வீட்டைப் பார்த்து ஓடுகிறார்கள்.

அதே நேரத்தில் எதிர்ப்பக்கம் வரும் ரெயிலில் இருந்து பார்க் ஸ்டேஷனில் சில பெண்கள் இறங்குகிறார்கள். கையில் டிபன் பை. தோளில் ஒரு கைப்பை. நடையில் ஒரு வேகம். சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பி மறைந்துவிடுகிறார்கள்.

ஊர் படுக்கப்போகும் நேரத்தில் இவர்களுக்குப் பொழுது விடிகிறது! இவர்கள்தான் நர்சுகள்.

நோயாளிக்கு ஒன்று என்றால் ஓடிவருகிறவர்கள் இவர்கள். சரி, இவர்களுக்கு ஒன்று என்றால்? மனசு சோர்ந்தால், தூக்கம் கெட்டால், அழுகை வந்தால் யார் ஓடிவருவது?

இந்தக் கேள்வி நர்சுகளுக்காக மட்டும் கேட்கப்படுவது அல்ல. நாளைக்கே நீங்களோ, உங்கள் வீட்டுப் பெரியவரோ கட்டிலில் படுத்தால், உங்கள் உயிர் இவர்கள் கையில்தான். அந்தக் கை நடுங்காமல் இருக்க வேண்டாமா?

4 பேருடன் ஆரம்பம்!

சென்னைக்கும் நர்சுக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்தது அல்ல.

சென்னை அரசு பொது ஆஸ்பத்திரி 1664-ம் ஆண்டு கோட்டைக்குள் சின்னதாக ஆரம்பிக்கப்பட்டது. அங்கேதான் 1871-ம் ஆண்டு நர்சு பயிற்சிப் பள்ளி தொடங்கியது. பிரசவம் பார்ப்பதற்கான 6 மாதப் படிப்பு. படித்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 4 பேர்தான்! இந்தியாவின் நர்சிங் படிப்புக்கே அதுதான் பிள்ளையார் சுழி என்கிறார்கள்.

அடுத்தது வேலூர். அமெரிக்காவில் இருந்து வந்த டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு ஆஸ்பத்திரி தொடங்கினார். 1909-ல் நர்சு பயிற்சிப் பள்ளி வந்தது. 1946-ல் அங்கே நர்சிங் பட்டப்படிப்பே ஆரம்பித்தார்கள்.

இன்றைக்கு உலகம் முழுவதும் சுமார் 2 கோடியே 98 லட்சம் நர்சுகள் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2025-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். அப்படியும் இன்னும் 58 லட்சம் பேர் பற்றாக்குறையாம்!

எண்ணிக்கை கோடியைத் தொட்டாலும், ஒரு வார்டுக்குள் நுழைந்து பார்த்தால் "நர்சு எங்கே?" என்று தேட வேண்டித்தான் இருக்கிறது.

ஒரு ஆளுக்கு 18 நிமிஷம்!

வார்டில் எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்சு இருக்க வேண்டும்? இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சில் போட்ட கணக்கு அது.

மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த ஆஸ்பத்திரி பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு நர்சு. மற்ற பொது ஆஸ்பத்திரிகளில் 5 நோயாளிக்கு ஒரு நர்சு. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்சு. லீவு எடுப்பவர்களுக்குப் பதிலாக 100-க்கு 30 பேர் கூடுதலாகவும் இருக்க வேண்டும்.

இது காகிதத்தில் உள்ள கணக்கு. நடைமுறையில்? ராத்திரி நேரத்தில் 30, 40 நோயாளிகளை ஒரே நர்சு பார்த்துக்கொள்வது பல இடங்களில் சர்வ சாதாரணம். வாசகர்களே நேரில் பார்த்திருப்பீர்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நைட் டூட்டி 12 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 720 நிமிஷம். நோயாளிகள் 40 பேர். வகுத்தால் ஆளுக்கு 18 நிமிஷம். ராத்திரி முழுவதற்கும் சேர்த்துத்தான் இந்த 18 நிமிஷம்!

இதற்குள் காய்ச்சல் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். ஊசி போட வேண்டும். மாத்திரை கொடுக்க வேண்டும். குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்தால் மாற்ற வேண்டும். கட்டு நனைந்தால் அவிழ்த்துக் கட்ட வேண்டும். எல்லாவற்றையும் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் காலையில் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும்!

நடுவில் ஒரு நோயாளிக்கு மூச்சுத் திணறல் வந்துவிட்டது. 2 மணி நேரம் அவர் கட்டிலை விட்டு நகர முடியாது. மீதி 39 பேருக்கு ஆளுக்கு 15 நிமிஷம்தான் மிஞ்சும்.

"சிஸ்டர், அப்பவே கூப்பிட்டேன். இப்பத்தான் வர்றீங்களா?" என்று 14-ம் நம்பர் கட்டில்காரர் கோபப்படுகிறார். அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. அவர் வலி அவருக்கு. ஆனால் 9-ம் நம்பர் கட்டிலில் என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியாது.

நர்சுக்குத் தெரியும். அதைச் சொல்லவும் முடியாது. "சாரி ஐயா, இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு ஊசியை எடுக்கிறார்.

ஒரு ஆள் கூடினால் என்ன ஆகும்?

"ஒரு நர்சு கூடுதலாக நாலு பேரைப் பார்த்தால் குடியா முழுகிவிடும்?" என்று கேட்கலாம்.

ஆமாம், முழுகத்தான் செய்கிறது!

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் லிண்டா ஐக்கன் என்ற பேராசிரியையும் அவரது குழுவினரும் ஒரு பெரிய ஆராய்ச்சி நடத்தினார்கள். 168 ஆஸ்பத்திரிகள். 10 ஆயிரத்துக்கும் அதிகமான நர்சுகள். ஆபரேஷன் செய்துகொண்ட 2 லட்சத்து 32 ஆயிரம் நோயாளிகள். 2002-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள்.

ஒரு நர்சு பார்க்கும் நோயாளிகளில் ஒரே ஒருவர் கூடினால், 30 நாளுக்குள் நோயாளி இறந்துபோகும் அபாயம் 7 சதவீதம் கூடுகிறது! அதே ஒருவர் கூடினால், அந்த நர்சு மனம் வெந்து சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது!

அதாவது நர்சின் மனசும், நோயாளியின் உயிரும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டு இருக்கின்றன. ஒன்று அறுந்தால் இன்னொன்றும் ஆடும்.

அமெரிக்காவிலேயே கலிபோர்னியா மாநிலத்தில் இதற்கென்று 1999-ல் சட்டம் போட்டார்கள். ஒரு நர்சுக்கு இத்தனை நோயாளிதான் என்று 2004 முதல் வரம்பு கட்டிவிட்டார்கள். பொது வார்டில் இப்போது 5 பேருக்கு மேல் கூடாது.

ராத்திரி 3 மணி!

மனிதனின் உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. வெளிச்சம் வந்தால் விழி, இருட்டினால் தூங்கு என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். விடியற்காலை 3 மணி முதல் 5 மணி வரை அந்தக் கடிகாரம் "படு, படு" என்று அடம்பிடிக்கும் நேரம். லாரி டிரைவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

அந்த நேரத்தில்தான் நர்சு மருந்துப் பாட்டிலில் உள்ள பொடி எழுத்தைப் படித்து, எத்தனை மில்லி என்று கணக்குப் போட்டு ஊசியில் ஏற்ற வேண்டும். ஒரு புள்ளி தப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்! அந்தப் பயமே ஒரு பாரம்.

வருஷக்கணக்கில் ராத்திரி வேலை பார்ப்பது உடம்புக்கு நல்லதல்ல. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, இரவு வேலையை "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது" என்ற பட்டியலில் 2007-ல் சேர்த்தது. 2019-ல் மறுபடியும் ஆராய்ந்து அதையே உறுதி செய்தது. நைட் டூட்டி பார்க்கிற எல்லோருக்கும் வந்துவிடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பயப்பட வேண்டாம். ஆனால் வேலை நேரத்தைப் பிரித்துக் கொடுப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

இது போதாதென்று இடுப்பு வலி வேறு. எழுந்திருக்க முடியாத நோயாளியைப் புரட்டிப்போட வேண்டும், தூக்கி உட்கார வைக்க வேண்டும். கையில் ஊசி குத்திவிட்டால் மஞ்சள் காமாலைக் கிருமி ஏறிவிடுமோ என்ற கவலை. பாத்ரூம் போக நேரம் இல்லை என்று தண்ணீர் குடிக்காமலே ஓட்டுகிறவர்களும் உண்டு.

வீட்டில் 2-வது டூட்டி!

காலை 8 மணிக்கு வீடு திரும்புகிறார். படுத்துத் தூங்கலாம் அல்லவா?

எங்கே தூங்குவது! பிள்ளைகள் பள்ளிக்கூடம் புறப்படும் நேரம். டிபன் டப்பா கட்ட வேண்டும். குழாயில் தண்ணீர் வரும். காஸ் சிலிண்டர்காரர் கூப்பிடுவார். பக்கத்து வீட்டில் டி.வி. அலறும்.

"பட்டப்பகல்ல என்ன தூக்கம்? ராத்திரி உட்கார்ந்துதானே இருந்திருப்பே!" என்று சொல்கிற மாமியார்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

12 மணிக்குக் கண்ணை மூடினால் 3 மணிக்குப் பிள்ளைகள் வந்துவிடும். சாயங்காலம் மறுபடியும் டிபன் பை. மறுபடியும் ரெயில்.

நர்சாக வேலை பார்க்கும் ஆண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ராத்திரி ராத்திரிதான். ஆனால் வீட்டில் அடுப்படி டூட்டி காத்திருப்பது பெரும்பாலும் பெண்களுக்குத்தான்!

18 வயதில் முதல் சாவு!

வேலைக்கு வந்தவர்கள் கதை இப்படி. படிக்க வந்த பிள்ளைகள் கதை?

பிளஸ்-2 முடித்த கையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்டலுக்கு வருகிறார்கள். வயது 17, 18. பல பேர் தமிழில் படித்தவர்கள். இங்கே புத்தகம் எல்லாம் ஆங்கிலம். எலும்பு, நரம்பு பெயர்களை மனப்பாடம் செய்யவே நாக்குச் சுளுக்கிக்கொள்ளும்.

காலையில் வார்டு. மதியம் வகுப்பு. ராத்திரி ரிக்கார்டு நோட்டு எழுதுவது. வாரக்கடைசியில் பரீட்சை. "அம்மா, சாப்பாடு பிடிக்கல" என்று போனில் சொல்லும்போதே தொண்டை அடைக்கும். அப்பா கடன் வாங்கிக் கட்டிய பீஸ் ஞாபகம் வரும். "நல்லா இருக்கேம்மா" என்று சொல்லி போனை வைத்துவிடுவார்கள்.

இவர்களை உலுக்கிப்போடுவது முதல் சாவு!

நேற்று வரை "பாப்பா, எந்த ஊரு?" என்று பேசிக்கொண்டிருந்த தாத்தா இன்று இல்லை. உடம்பைத் துடைத்து, துணி கட்டி, பெயர்ச்சீட்டு ஒட்டி அனுப்ப வேண்டும். 18 வயதுப் பிள்ளை அதுவரை சொந்த வீட்டில்கூட ஒரு சாவைத் தொட்டுப் பார்த்திருக்காது.

வேலை முடிந்ததும் "அடுத்த கட்டிலுக்குப் போ" என்று உத்தரவு வரும். அழுவதற்கு இடம் ஏது? பாத்ரூம்தான்!

லண்டனில் கண்ட உண்மை!

இந்த விஷயத்தை லண்டனில் ஒரு பெண்மணி நுணுக்கமாக ஆராய்ந்தார். பெயர் இசபெல் மென்சீஸ். மனோதத்துவ நிபுணர். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி பெறும் மாணவிகள் ஏன் பாதியில் ஓடுகிறார்கள் என்று பார்த்தார். 1960-ம் ஆண்டு அவரது கட்டுரை வெளியானது.

மூன்றில் ஒரு பங்கு மாணவிகள் படிப்பை முடிக்காமல் போய்விட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தாங்களாகவே விலகியவர்கள்!

காரணம் என்ன? ஆஸ்பத்திரி முழுவதும் மனசை மரக்கட்டையாக்கும் ஏற்பாடாக இருந்ததாம். நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் கட்டில் நம்பரையோ, வியாதியையோ சொல்லிக் கூப்பிடுவார்கள். ஒரு நோயாளியோடு பழகத் தொடங்கும்போதே மாணவியை வேறு வார்டுக்கு மாற்றிவிடுவார்கள். அழுதால் திட்டு. தூங்குகிற நோயாளியை எழுப்பித் தூக்க மாத்திரை கொடுக்கிற கூத்தும் நடந்ததாம்!

ஒட்டாமல் இருந்தால் கஷ்டம் தெரியாது என்பது அந்த ஏற்பாட்டின் நோக்கம். நடந்ததோ நேர் மாறாக! "நாலு பேருக்கு உதவி செய்யலாம்" என்ற ஆசையோடு வந்த நல்ல பிள்ளைகள்தான் அதிகமாக நொந்துபோனார்கள்.

நம் ஊர் வார்டிலும் "23-ம் நம்பருக்கு ஊசி போட்டாச்சா?" என்ற குரல் இன்றும் கேட்கிறது அல்லவா?

எண்ணெய் தீர்ந்த விளக்கு!

இப்படி மனசு வெந்து தீய்ந்துபோவதற்கு 1974-ல் ஒரு பெயர் வைத்தார்கள். நியூயார்க்கில் ஒரு இலவச மருத்துவமனையில் தொண்டு செய்த ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்ற மனோதத்துவ நிபுணர் இதைப் பற்றி எழுதினார். "பர்ன்-அவுட்" என்றார். எரிந்து அணைவது என்று அர்த்தம்.

2019-ம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இதற்கு மூன்று அடையாளம் சொன்னது.

முதலாவது, உடம்பில் தெம்பே இல்லாத அசதி. லீவு போட்டுப் படுத்தாலும் தீராது.

இரண்டாவது, வேலை மேல் வெறுப்பு. எதிலும் ஒட்டாமல், "யாருக்கு என்ன ஆனால் என்ன" என்ற எண்ணம்.

மூன்றாவது, "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற நினைப்பு.

இது நோய் அல்ல, வேலையில் இருந்து வரும் விளைவு என்றும் அந்த நிறுவனம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆகவே, ஒரு நர்சு வள்ளென்று விழுந்தால் "திமிர் பிடிச்சவ" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். விளக்கில் எண்ணெய் தீர்ந்திருக்கலாம்.

விளக்கு என்றதும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் ஞாபகத்துக்கு வருகிறார். 1820 மே 12-ந் தேதி பிறந்தவர். கிரிமியப் போரில் ராத்திரியில் விளக்கோடு காயம்பட்ட சிப்பாய்களைச் சுற்றிவந்தவர். அவர் பிறந்த நாளைத்தான் உலக நர்சுகள் தினமாகக் கொண்டாடுகிறோம். மாணவிகள் அவர் பெயரைச் சொல்லித்தான் கையில் விளக்கேந்தி உறுதிமொழி எடுக்கிறார்கள்.

ஆனால் ஒரு விஷயம் பல பேருக்குத் தெரியாது. போர்க்களத்தில் வந்த காய்ச்சலோடு 1856-ல் ஊர் திரும்பிய அவர், அதற்குப் பிறகு பல வருஷங்கள் படுக்கையிலேயே கிடந்தார். எழுதியதில் பெரும்பகுதி படுக்கையில் இருந்தபடிதான். 1910-ல் 90 வயதில் காலமானார். விளக்கேந்திய அம்மையாருக்கே அந்தக் கதி என்றால், நம் வீட்டுப் பெண் எந்த மூலை?

சம்பளம் எவ்வளவு?

மனசு நிம்மதியாக இருக்கப் பணமும் வேண்டும் அல்லவா?

தனியார் ஆஸ்பத்திரி நர்சுகளின் சம்பளம் பற்றிய வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2016-ல் கோர்ட்டு உத்தரவுப்படி மத்திய அரசு ஒரு கமிட்டி போட்டது. 200 கட்டிலுக்கு மேல் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகள் அரசாங்க நர்சுக்குச் சமமாகச் சம்பளம் தரவேண்டும், 50 கட்டிலுக்குக் குறைவான சின்ன ஆஸ்பத்திரியாக இருந்தாலும் மாதம் ரூ.20 ஆயிரத்துக்குக் குறையக் கூடாது என்று அந்தக் கமிட்டி சிபாரிசு செய்தது.

சிபாரிசு சிபாரிசாகவே பல இடங்களில் நின்றுவிட்டது என்பதுதான் நர்சுகளின் புலம்பல்.

அரசாங்கத்தில் ஒப்பந்த அடிப்படையில் சேர்ந்தவர்களுக்கு வேறு கவலை. 2017 நவம்பர் மாதக் கடைசியில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஒப்பந்த நர்சுகள் ஆயிரக்கணக்கில் கூடி ராத்திரி பகலாகப் போராடியது நகரவாசிகளுக்கு நினைவிருக்கும். அப்போது அவர்கள் வாங்கியது மாதம் ரூ.7 ஆயிரத்து 700! "எங்களை நிரந்தரம் செய்யுங்கள்" என்பதுதான் முக்கியக் கோரிக்கை.

அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம் "மனசைத் தெம்பாக வைத்துக்கொள்" என்றால் எப்படி வைத்துக்கொள்வார்?

மாணவிகளுக்கும் இதில் ஒரு சங்கடம் உண்டு. படிப்பைப் பாதியில் விட நினைத்தால் ஒரிஜினல் சர்டிபிகேட்டைத் தரமாட்டோம் என்று மடக்குகிற இடங்கள் உண்டு. கல்லூரிகள் மாணவர்களின் ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்துவிட்டது. பெற்றோர் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

உயிரைக் கொடுத்தவர்!

2018 மே மாதம் கேரளாவில் நிபா காய்ச்சல் வந்தது. கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவர் லினி. காய்ச்சலோடு வந்த நோயாளியைக் கவனித்த அவருக்கும் நோய் தொற்றியது. மே 21-ந் தேதி இறந்துபோனார். இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய். தனி அறையில் இருந்தபடி கணவருக்கு அவர் எழுதி வைத்த நாலு வரிக் கடிதத்தைப் படித்து நாடே கலங்கியது.

பிறகு 2020-ல் கொரோனா வந்தது. உச்சி முதல் உள்ளங்கால் வரை பிளாஸ்டிக் உடை. உள்ளே வியர்வை ஆறாக ஓடும். தண்ணீர் குடிக்க முடியாது. பாத்ரூம் போக முடியாது. வீட்டுக்குப் போனால் பிள்ளையைத் தொடப் பயம். ஊரே கைதட்டியது. அதே ஊரில் சில பேர் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள்!

கைதட்டல் ஓய்ந்துவிட்டது. அந்த நாட்களின் சாவுகளைக் கண்ட மனசு மட்டும் பலருக்கு இன்னும் ஆறவில்லை.

கையை ஓங்கினால் ஜெயில்!

நோயாளி இறந்தால் நர்சு மேல் பாய்வது, கண்ணாடியை உடைப்பது, கெட்ட வார்த்தை பேசுவது. இதெல்லாம் செய்தியாக வருகிறது.

தமிழ்நாட்டில் மருத்துவ ஊழியர்களைத் தாக்குவதையும், ஆஸ்பத்திரிச் சொத்தைச் சேதப்படுத்துவதையும் தடுக்க 2008-ம் ஆண்டு தனிச் சட்டமே போடப்பட்டு இருக்கிறது. கொரோனா சமயத்தில் மத்திய அரசும் தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தியது. தொற்றுநோய் காலத்தில் பலத்த காயம் உண்டாக்கினால் 7 வருஷம் வரை ஜெயில்!

துக்கம் தாங்காமல் வரும் ஆத்திரம்தான். ஒத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சாவைத் தடுக்க ராத்திரி முழுக்கப் போராடியவர் மேல்தான் அந்த அடி விழுகிறது.

பாரத்தை இறக்க வேண்டாமா?

சரி, இதற்கு வழி என்ன?

"யோகா செய்யுங்கள், மூச்சை இழுத்து விடுங்கள், தைரியமாக இருங்கள்" என்று வகுப்பு எடுக்கிறார்கள். நல்லதுதான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆனால் மாட்டு வண்டியில் மூட்டைக்கு மேல் மூட்டை ஏற்றிவிட்டு, மாட்டின் காதில் தைரியம் சொன்னால் போதுமா? மூட்டையில் நாலை இறக்க வேண்டாமா?

முதலில் ஆள் போட வேண்டும். காகிதத்தில் உள்ள கணக்கு வார்டுக்கு வர வேண்டும். காலியான இடத்தை அவ்வப்போது நிரப்ப வேண்டும். மற்ற வைத்தியம் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

அடுத்தது டூட்டிப் பட்டியல். யாருக்கு எப்போது நைட் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் வீட்டில் அதற்குத் தக்கபடி ஏற்பாடு செய்துகொள்வார்கள். விடாமல் ராத்திரி ராத்திரியாகப் போடக் கூடாது. டபுள் டூட்டி வழக்கமாகிவிடக் கூடாது. ராத்திரியில் ஒருவரை மாற்றி ஒருவர் 20 நிமிஷம் கண்ணை மூடவும், சூடாக ஒரு டீ குடிக்கவும் கதவு உள்ள ஒரு அறை வேண்டும். செலவு பெரிதல்ல.

மூன்றாவது பேச்சு. ஆமாம், பேச்சே மருந்து!

அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் கென்னத் ஸ்வார்ட்ஸ் என்ற வக்கீல் நுரையீரல் புற்றுநோயால் 1995-ல் இறந்தார். தன்னைக் கவனித்தவர்களின் அன்பு தன் வேதனையைத் தாங்க வைத்தது என்று எழுதி வைத்தார். அவர் பெயரில் 1997 முதல் ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டம் நடத்தத் தொடங்கினார்கள். டாக்டர், நர்சு, மற்ற ஊழியர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, "அந்த நோயாளி இறந்தபோது என் மனசு என்ன பாடுபட்டது" என்று பேசுவார்கள். யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது. கேட்டால் போதும். இந்த வழக்கம் இங்கிலாந்துக்கும் பரவியது.

நம் ஊரில் இதற்குத் தனி நிதி வேண்டாம். மாணவி முதல் சாவைப் பார்த்த அன்று, சீனியர் அக்கா ஒருவர் கேண்டீனுக்குக் கூட்டிப்போய், "எனக்கும் அன்னிக்குச் சோறு இறங்கல. அழணும்னா அழுதுக்கோ" என்று சொன்னாலே பாதி பாரம் குறையும். அந்தப் பத்து நிமிஷத்தைக் குற்றமாகப் பார்க்காத ஹெட் நர்சு வேண்டும். அவ்வளவுதான்!

தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை, சாகலாம் போல் இருக்கிறது என்ற எண்ணம் வந்தால் தள்ளிப்போடக் கூடாது. 14416 என்ற நம்பருக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். "டெலி மனாஸ்" என்ற இந்த மனநல உதவியை மத்திய அரசு 2022 அக்டோபர் மாதம் தொடங்கியது. தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 நம்பரும் இருக்கிறது. நர்சுகளும் மாணவிகளும் நோயாளிக்குத்தான் இது என்று நினைக்க வேண்டாம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஐந்து விஷயத்தை ஞாபகம் வையுங்கள்.

ஒன்று: நோயாளியோடு ஒருவர் இருந்தால் போதும். கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றால் நர்சு உள்ளே நுழையவே முடியாது.

இரண்டு: வீட்டில் இருந்து ஒருவரே விவரம் கேளுங்கள். மாமா, சித்தப்பா, மச்சான் என்று ஆள் மாற்றி ஆள் அதே கேள்வியைக் கேட்டால், அந்த நேரம் இன்னொரு நோயாளியிடம் இருந்து பிடுங்கப்படுகிறது.

மூன்று: ஏற்கனவே சாப்பிடும் மாத்திரை, ஒத்துக்கொள்ளாத மருந்து, இவற்றை ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுபோங்கள். ராத்திரி 3 மணிக்கு நடக்கும் தவறு பாதி குறையும்.

நான்கு: மருந்து ஏற்றும்போது செல்போனை நீட்டிக்கொண்டு படம் எடுக்காதீர்கள். கேள்வியும் கேட்காதீர்கள். ஊசி போட்டு முடியட்டும்.

ஐந்து: குறை இருந்தால் வார்டில் கத்தாமல் நர்சிங் சூப்பிரண்டிடமோ, ஆர்.எம்.ஓ.விடமோ எழுதிக் கொடுங்கள். "ஆள் போதவில்லை" என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நர்சு சொன்னால் எடுபடாத விஷயம், பொதுமக்கள் சொன்னால் எடுபடும்!

வீட்டில் ஒரு நர்சு இருந்தால், நைட் டூட்டி முடிந்து வருகிற அன்று காலை டிபன் வேலையை வேறு யாராவது பார்த்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்கு ஒரு கனமான திரை போடுங்கள். டி.வி. சத்தத்தைக் குறையுங்கள். 6 மணி நேரம் அவர் நிம்மதியாகத் தூங்கினால், அன்றைக்கு ராத்திரி 40 குடும்பத்துக்கு நல்லது செய்தவர்கள் ஆவீர்கள்.

வார்டை விட்டுக் கிளம்பும்போது இன்னொன்றும் செய்யலாம். எல்லோரையும் "சாப்டீங்களா? மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஓடுகிறவரை ஒரே ஒரு தடவை நிறுத்தி, "சிஸ்டர், நீங்க சாப்டீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள்.

காசு செலவில்லை. ஆனால் அப்படிக் கேட்ட நோயாளியை எந்த நர்சும் நம்பர் சொல்லிக் கூப்பிட மாட்டார்!